மதராஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது, எதிலெல்லாம் ஒட்டிக்கொண்டது?

கரையோரன்:
1969 ஜனவரி 14 அன்று மதராஸ் மாநிலம் சட்டப்படி தமிழ்நாடு ஆனது. 1996இல் நகரமும் சென்னை ஆனது. ஆனாலும் அந்தப் பழைய பெயர் இன்னும் ஒரு துணியிலும், மொட்டைமாடியிலும், கண்நோயிலும், பறவையிலும், செடிகளிலும், படைப்பிரிவிலும், நீதிமன்றத்திலும் இருக்கிறது. அமெரிக்காவில் ஓர் ஊரும் ஸ்காட்லாந்தில் ஒரு பள்ளியும் அதே பெயரைச் சுமக்கின்றன. இவற்றை ஒரே இழையில் திரட்டினால் நன்றாக இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்போம்: எந்த மதராஸ்? கோட்டைக்கு முந்தைய கடற்கரைக் கிராமமா, கோட்டை நகரமா, கஞ்சம் முதல் மலபார் வரை விரிந்த மாகாணமா, 1950க்குப் பிந்தைய மாநிலமா? "மெட்ராஸில் இருந்து வந்ததால் மெட்ராஸ்" என்று எழுதிவிட்டுப் போகும் கட்டுரைகள் இந்த நான்கையும் குழப்பிவிடுகின்றன.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றை வைத்தவர்கள் இங்கே நெய்தவர்களோ கட்டியவர்களோ அல்லர். சரக்கை மறுகரையில் இறக்கியவர்கள்தான் வைத்தார்கள். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஓலைச்சுவடி:
பெயரின் வேரில் இருந்து தொடங்குகிறேன். உறுதியாகக் காலூன்றக்கூடிய இடம் 1639. தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்குக் கொடுத்த மானியத்தில் இடத்தின் பெயர் "மெத்ராஸ்பட்டம்" என்கிற மாதிரி வருகிறது. அப்போது கோட்டை கட்டப்படவே இல்லை. ஆகவே "ஆங்கிலேயர் வைத்த பெயர்" என்பது அடிபட்டுப்போகிறது. அவர்கள் வந்து கேட்டபோதே இடத்துக்கு அந்தப் பெயர் இருந்தது.

அதற்கு முன்னால் என்ன என்பதில்தான் சண்டை. வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள்: சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியரின் "மாத்ரே தே தெயுஸ்" தேவாலயம், மதெய்ரோஸ் என்ற போர்ச்சுகீசியக் குடும்பம், மாதரேசன் என்ற மீனவத் தலைவன், "மத்ரசா" என்ற அரபுச் சொல் (பள்ளி என்று பொருள்). போர்ச்சுகீசியர் சாந்தோமில் குடியேறியது 1520களில். முதல் இரண்டும் சரியென்றால் பெயர் அதற்கு முன் இருந்திருக்கக் கூடாது.

இங்கேதான் 1367ஆம் ஆண்டு விஜயநகரக் காலக் கல்வெட்டு முக்கியமாகிறது. கிழக்குக் கரையின் சிறு துறைமுகங்களைச் சொல்லிவரும்போது அதில் "மாதரசன்பட்டினம்" வருகிறது. அது இதே ஊர்தான் என்றால் போர்ச்சுகீசிய விளக்கம் இரண்டும் விழுந்துவிடும். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதே 1498இல்தான். ராயபுரத்தை ஒட்டிய மீன்பிடித் துறைதான் அது என்பது ஆய்வாளர்களின் ஊகம். 1367க்கும் 1639க்கும் நடுவில் 272 ஆண்டு இடைவெளி இருப்பதால் இதை "நிறுவப்பட்டது" என்று எழுத வேண்டாம், "வலுவான ஊகம்" என்று எழுதுங்கள். என் கணிப்பில் மற்ற எல்லா விளக்கத்தையும்விட இதுவே முன்னால் நிற்கிறது. ஒலியும் பொருந்துகிறது, பட்டினம் என்ற ஈறும் பொருந்துகிறது.

சென்னை என்பது வேறு கதை. மானியம் கொடுத்த வேங்கடப்ப நாயக்கரின் தந்தை தாமர்ல சென்னப்ப நாயக்கர். அவர் பெயரால் சென்னப்பட்டினம். இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு வழங்கி, பிறகு ஒரே ஊரின் இரு பெயர்கள் ஆயின. ஆவணங்களில் ஆங்கிலேயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள், மக்கள் மற்றொன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

வடகரை வாசகன்:
ஐயா, மத்ரசா விளக்கத்தை ஏன் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள்? ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் நகரில் பள்ளிகள் இருந்தனவே.

ஓலைச்சுவடி:
நவாபுகள் காலம் 1639க்குப் பிந்தியது, நண்பரே. ஒரு ஊர்ப் பெயருக்கு விளக்கம் சொல்ல அந்தப் பெயர் முதலில் பதிவான ஆண்டுக்கு முன்னால் சான்று இருக்க வேண்டும். கரையோரக் கிராமம் ஒன்றில் 1639க்கு முன் பெயர்பெற்ற மத்ரசா இருந்ததற்கு ஆவணம் எதுவும் காட்டப்படவில்லை. ஒலி ஒத்துப்போவது மட்டும் போதாது.

பிரிவு மூன்று:
மாநிலப் பெயரின் வரலாற்றைச் சட்டத்தின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தபின் மதராஸ் மாகாணம். 1950 ஜனவரி 26 முதல் மதராஸ் மாநிலம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1 அன்று மலபாரும் தென் கன்னடமும் போயின, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன. அதன்பின் மிஞ்சிய நிலம் தமிழ் பேசும் நிலம்தான். ஆனால் பெயர் மட்டும் பழைய மாகாணத்தின் பெயராகவே நின்றது. சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27 அன்று உண்ணாநோன்பைத் தொடங்கி அக்டோபர் 13 அன்று உயிர்விட்டார். அவர் வைத்த கோரிக்கைகளில் முதன்மையானது இந்தப் பெயர் மாற்றம். 1961இல் பூபேஷ் குப்தா மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1963இல் அண்ணா அதை ஆதரித்துப் பேசியும் அது தோற்றது. 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1968இல் நாடாளுமன்றம் பெயர் மாற்றச் சட்டத்தை இயற்றியது (1968இன் 53ஆம் சட்டம்). 1969 பொங்கல் நாளில் அது நடைமுறைக்கு வந்தது. மூன்று வாரத்துக்குள், பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். சங்கரலிங்கனாரின் மரணத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஓடியது என்பதை இந்த வரலாற்றை எழுதும் யாரும் விடக்கூடாது.

"தமிழ்நாடு" புதிதாகச் செய்த பெயர் அல்ல. சிலப்பதிகாரத்துக் காட்சிக் காதையில் "இமிழ்கடல் வேலியைத் தமிழ்நா டாக்கிய" என்று அப்படியே இருக்கிறது.

இனி ஏன் சில இடங்களில் மட்டும் மதராஸ் போகவில்லை என்பதற்கு வருகிறேன். பெயரை மாற்றும் அதிகாரம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது. மாநிலத்தின் பெயர் என்றால் அரசியலமைப்பின் 3ஆம் பிரிவின்படி நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். மசோதாவைக் கொண்டுவரக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும், மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தும் கேட்கப்பட வேண்டும். நகரத்தின் பெயரை மாநில அரசே மாற்றலாம், 1996இல் அதுதான் நடந்தது. உயர் நீதிமன்றத்தின் அமைப்பு ஒன்றியப் பட்டியலில் வருவதால் அங்கே மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. 2016இல் மக்களவையில் உயர் நீதிமன்றங்களின் பெயர் மாற்ற மசோதா வந்தது. அதில் "சென்னை உயர் நீதிமன்றம்" என்று இருந்தது. தமிழக சட்டமன்றமோ 2016 ஆகஸ்ட் 1 அன்று "தமிழ்நாடு உயர் நீதிமன்றம்" என்று வைக்கும்படி தீர்மானம் போட்டது. மசோதா நிறைவேறவில்லை. அதனால் 1862இல் வைத்த பெயரே ஆங்கிலத்தில் நீடிக்கிறது. ஐஐடியின் பெயர் 1961ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தில் இருக்கிறது. 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம் மாநிலச் சட்டத்தின் கீழ் வருவதுதான். பட்டங்களின் தொடர்ச்சிக்காகப் பழைய பெயர் பயன்படுகிறது.

மதராஸ் ரெஜிமென்ட் (தொடக்கம் 1758) குறிப்பது மாகாணத்தை. அதன் பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. 1780இல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் (படைப் பொறியாளர் பிரிவு) இருப்பதோ பெங்களூரில். நகரத்தோடு அவற்றுக்கு இன்று முகவரித் தொடர்பு கூட இல்லை.

தறிமேடை:
கரையோரன் சொன்ன "மறுகரை" வாதத்துக்குத் துணிதான் முதல் சான்று. சைதாப்பேட்டையிலோ சீராலையிலோ தறியில் உட்கார்ந்தவர் யாரும் தாம் நெய்ததை "மெட்ராஸ்" என்று சொன்னதில்லை. அவர்களுக்கு அது கட்டம், லுங்கி, ருமால். ஏற்றுமதிப் பொதியின் மேல்தான் அது "மெட்ராஸ்" ஆனது.

சீராலை இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன "ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்" என்ற சதுரக் கட்டத் துணிக்கு அது பெரிய நெசவு மையம். ஆகவே இந்தப் பெயரில் இருப்பது மாகாணம், அல்லது சரக்கு ஏறிய துறைமுகம். நெய்த ஊர் அல்ல. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை "இஞ்சிரி" என்கிறார்கள். நெய்து வந்த துணியிலிருந்து சில நூல்களை மட்டும் வெட்டி உருவி, புதுக் கோலம் வரவழைக்கும் கலையை அவர்கள் தாமாக வளர்த்தார்கள். அதே நாட்டில் மற்றொரு துணிக்கு "ஜார்ஜ்" என்று பெயர். அது புனித ஜார்ஜ் கோட்டையின் பெயர் என்கிறார்கள்.

அசலை அடையாளம் காண்பது எப்படி என்று பலர் கேட்பதுண்டு. நூலுக்குச் சாயம் ஏற்றிய பிறகே நெய்திருக்க வேண்டும், எனவே முன்பக்கமும் பின்பக்கமும் நிறத்தில் ஒன்றாக இருக்கும். பின்பக்கம் வெளிறி இருந்தால் அது அச்சடித்த கட்டம். அடுத்து, கட்டம் குறுக்கு நெடுக்காகச் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது நிறம் ஒன்று கலவையாகத் தெரிய வேண்டும். பாவும் ஊடையும் வேறு நிறம் என்பதற்கு அதுதான் சான்று. நூலில் ஆங்காங்கே சிறு தடிப்புகள் இருக்கும். குட்டை இழைப் பருத்தியை நூற்றதால் வருவது அது, குறையாகக் கொள்ள வேண்டாம்.

சாயம் போகும் "ப்ளீடிங் மெட்ராஸ்" 1958இல் அமெரிக்காவில் வெடித்த விவகாரம். வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் துணி வாங்கி, ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாடிக்கையாளரைப் போய்ச் சேரவில்லை. சட்டைகள் எல்லாவற்றிலும் நிறம் ஒழுகியது. வழக்குப் போடும் நிலையில் இருந்து தப்பிக்க, ஒழுகுவதையே சிறப்பாக்கி விளம்பரம் செய்தார்கள். துவைக்கத் துவைக்கப் புது நிறம் என்று இளைஞர்கள் தேடி வாங்கினார்கள்.

நூல்கண்டு:
அண்ணே, ஏன் ஒழுகியது? இம்பூரல் வேர்ச் சிவப்பு நூறாண்டு ஆனாலும் போகாது என்றுதானே சொல்வார்கள்.

தறிமேடை:
சரியான கேள்வி. சாயவேர் என்கிற இம்பூரலின் சிவப்பு, படிகாரம் ஏற்றிய நூலில் பிடித்தால் இழையோடு சேர்ந்துவிடும். அவுரி நீலம் வேறு வழி: நீரில் கரையும் நிலையில் நூலுக்குள் போய், காற்றுப் பட்டதும் கரையாத நிலைக்கு மாறிவிடும். சிக்கல் வருவது மூன்று இடங்களில். படிகாரம் குறைவாக இருந்தால் சிவப்பு மேலோட்டமாகவே உட்காரும். அவுரித் தொட்டியில் சிறிது சிறிதாகப் பலமுறை முக்கி எடுப்பதற்குப் பதில் ஒரே முறை ஆழமாக முக்கினால், மிகுந்த நீலம் நூலின் மேல் தூளாக நிற்கும், துவைப்பில் உதிரும். மஞ்சள் சேர்த்தால் அது வெயிலிலும் சோப்பிலும் வேகமாகப் போய்விடும். விரைவாக அதிகம் வேண்டும் என்ற ஏற்றுமதி அவசரத்தில் இந்த மூன்றுமே நடக்கும்.

அப்படிப்பட்ட துணி கையில் இருந்தால், முதல் மூன்று நான்கு சலவை வரை தனியாக, குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில் அலசுங்கள். ஊறப்போட்டு மறந்துவிடக் கூடாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் ஒரு கட்டத்தின் நிறம் அடுத்ததில் திட்டாக இறங்கும். நிழலில் விரித்துக் காயவையுங்கள். வெளுப்புத்தூள் எதுவும் வேண்டாம். இன்று கடையில் கிடைக்கும் மெட்ராஸ் கட்டத்தில் பெரும்பாலானவை வேதிச் சாயம், அவை ஒழுகாது.

தீவுக்காற்று:
கரீபியன் தீவுகளைச் சேர்க்க வேண்டும். மார்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா ஆகிய தீவுகளின் மரபு உடையிலேயே "மத்ராஸ்" துணி இருக்கிறது. தலைத்துணியைக் கட்டும்போது மேலே நிற்கும் முனைகளின் எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு: ஒன்று என்றால் மனம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை, இரண்டு என்றால் கொடுத்தாயிற்று, மூன்று என்றால் மணமானவள் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

இதைத் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் கொண்டுபோனார்கள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். வரிசை தவறு. தமிழர்கள் மார்டினிக்குக்குப் போனது 1853இல், குவாதலூப்புக்கு 1854இல். துணி 18ஆம் நூற்றாண்டிலேயே வணிகக் கப்பல்களில் அங்கே போய்விட்டது. அதை அணிந்தவர்கள் ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள். நம்மவர் போய் இறங்கியபோது தம் ஊர்க் கட்டத்தை அந்நியர் தலையில் பார்த்திருப்பார்கள்.

அந்தப் பெயர் மனிதருக்கு ஒட்டியது கயானாவிலும் டிரினிடாட்டிலும். மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள் அங்கே "மத்ராசி". கல்கத்தாவில் ஏறிய போஜ்புரி மக்களிடமிருந்து பிரித்துச் சொல்ல வந்த பெயர் அது. கயானாவில் மாரியம்மன் வழிபாட்டையே இன்றும் மத்ராசி வழிபாடு என்கிறார்கள். வட இந்தியாவில் தென்னிந்தியர் எல்லோரையும் மதராசி என்பதற்கு வேர் மாகாணம். இங்கே வேர் கப்பல் ஏறிய துறை.

கரையோரன்:
அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து மதராஸ் ஊரும் துணிவழிதான் என்று சொல்லப்படுகிறது. 1902இல் மனை பிரித்தபோது பால்மெயின் என்று வைத்தார்கள். பால்மர் என்ற வேறொரு ஊரோடு குழம்பும் என்று தபால் துறை மறுத்துவிட்டது. கடையில் இருந்த துணிச்சுருளின் மேல் எழுதியிருந்த பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்பது அவ்வூர் வழக்கு. நேராக நம் நகரத்தின் பெயர்தான் என்பாரும் உண்டு. 2017 ஆகஸ்ட் 21 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க உலகமே திரண்ட ஊர்களில் அது ஒன்று.

பச்சிலைப்பை:
எல்லாரும் பட்டினத்தை மறந்துவிட்டீர்கள். ஊர்ப் பெயரில் இருந்து காணாமல் போன "பட்டினம்" தாவரவியலில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

முசுமுசுக்கையின் அறிவியல் பெயர் குகுமிஸ் மதராஸ்பதானஸ். மாசிபத்திரி, கிராஞ்சியா மதராஸ்பதானா. மேலாநெல்லி, ஃபில்லாந்தஸ் மதராஸ்பதென்சிஸ். மூன்றின் அடைமொழியும் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அச்சிட்டது. லத்தீனில் "மதெராஸ்பதான்" என்று எழுதியிருப்பார்கள். மதராஸ்பட்டினம் அதற்குள் அப்படியே அடங்கியிருக்கிறது.

லின்னேயஸ் இங்கே வந்ததில்லை. கோட்டையில் கம்பெனி மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், அவருக்குப் பின் எட்வர்ட் பல்க்லி இருவரும் 1690களில் இருந்து செடிகளை உலர்த்தி லண்டனில் ஜேம்ஸ் பெடிவருக்கு அனுப்பினார்கள். உலர்தாளில் எழுதிய ஊர்ப் பெயர் அங்கிருந்து நூல்களுக்குள் போனது. பறவைகளும் அதே வழி. பல்க்லி அனுப்பிய பறவைப் படங்கள் ஜான் ரேயின் 1713ஆம் ஆண்டு நூலில் பின்னிணைப்பாக வந்தன. வெண்புருவ வாலாட்டிக்கு மோட்டாசில்லா மதராஸ்பதென்சிஸ் என்று 1789இல் க்மெலின் பெயரிட்டார். இந்தப் பெயர்களை இனி யாரும் மாற்ற முடியாது. ஊரின் பெயர் மாறியது என்பதற்காக முறைப்படி வெளியான அறிவியல் பெயரை நீக்க விதி இடம் தருவதில்லை.

மாகாணத்தின் பெயரைச் சுமப்பது வேறு வகை. "மெட்ராஸ் ட்ரீஷ்ரூ" என்ற, அணிலைப் போன்ற சிறு விலங்கு சென்னை நகரத்தில் இல்லை, ஏற்காடு போன்ற மலைக்காடுகளில் இருக்கிறது. அதன் பேரினப் பெயர் அனதானா. நம் "மூங்கில் அணத்தான்" என்பதில் இருந்து எடுத்தது. ஆங்கிலப் பெயர் மாகாணத்தைச் சொல்ல, லத்தீன் பெயர் தமிழைச் சொல்கிறது.

தவறான பெயரும் உண்டு. கொடுக்காப்புளியை ஆங்கிலத்தில் "மெட்ராஸ் தார்ன்" என்பார்கள். மரத்தின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். "மணிலா டேமரிண்ட்" என்ற மற்றொரு பெயரும் அதே போல, வந்த வழியைச் சொல்வதுதான்.

திண்ணைப்பள்ளி:
ஸ்காட்லாந்துப் பள்ளியைப் பற்றி. ஆண்ட்ரூ பெல் 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். ஆசிரியர் போதவில்லை. உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அமைத்தார். நம் பள்ளிகளில் அந்த மூத்த மாணவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர், அது நெடுநாள் வழக்கம். 1797இல் லண்டனில் அவர் எழுதி வெளியிட்டதும் "மெட்ராஸ் முறை" என்று பிரிட்டனெங்கும் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்து 1833இல் திறந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் காலேஜ்தான்.

ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தலாம், மணல் இருந்தால் காகிதச் செலவும் இல்லை என்பதே அது பரவக் காரணம். குறையும் அதிலேயே இருந்தது. சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்தது மனப்பாடம் மட்டும். கேள்வி வந்தால் பதில் சொல்ல முடியாது. 1846க்குப் பிறகு பயிற்சி பெறும் மாணவ-ஆசிரியர் முறை வந்ததும் இங்கிலாந்தில் இது தேய்ந்தது. மறுகரை வாதம் இங்கேயும் நிற்கிறது: திண்ணைப் பள்ளிக்காரர் யாரும் இதை மெட்ராஸ் முறை என்று சொன்னதில்லை.

எழும்பூர் விழி:
மெட்ராஸ் ஐ: "1918இல் மெட்ராஸில் அடினோவைரஸ் முதன்முதலில் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர்" என்று செய்தித்தாள்கள் ஒவ்வோர் ஆண்டும் எழுதுகின்றன. அது நடந்திருக்கவே முடியாது. அடினோவைரஸ் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1953இல், அமெரிக்காவில். 1918ஐ ஒட்டி எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் (தொடக்கம் 1819) கிர்க்பாட்ரிக் விவரித்தது கொள்ளைநோயாகப் பரவிய ஒரு விழிநோயின் அறிகுறிகளை. கிருமி அப்போது யாருக்கும் தெரியாது.

பார்வையால் பரவாது, கையாலும் துண்டாலும் தலையணை உறையாலும்தான் பரவும். கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போடுவதுதான் பெரிய ஆபத்து. சிவப்பு குறைவது போலத் தோன்றும், உள்ளே கருவிழி கெடலாம்.

"மதுரா ஃபுட்" என்ற பாதநோயை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். 1842இல் மதுரையில் விவரிக்கப்பட்டது, அது மதுரையின் பெயர். மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்பது இந்த நகரத்து நரம்பியல் மருத்துவர்கள் 1970இல் விவரித்தது. இளம் வயதில் தொடங்கும், காது கேளாமையும் சேர்ந்து வரும்.

நாழிகை வட்டில்:
மெட்ராஸ் நேரத்தை யாரும் சொல்லவில்லை. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்தின் நேரம் அது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக இருந்ததால் ரயில்வேக்கள் அதையே நாடு முழுவதும் பின்பற்றின. 1906 ஜனவரி 1 முதல், கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்திய இந்தியச் சீர்நேரம் வந்தது.

பழைய நாட்குறிப்பு, ரயில் அட்டவணை, ஜாதகம் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 4 நிமிடம். வானாய்வகத்தின் வானியலாளர் கோல்டிங்ஹாம் 1802இல் கணித்த 80 பாகை 18 கலை 30 விகலைக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி வரும். பின்னர் திருத்திய 80 பாகை 14 கலை 50 விகலைக்கு 5 மணி 20 நிமிடம் 59 விநாடி. எதை எடுத்தாலும், மெட்ராஸ் நேரத்தோடு ஏறத்தாழ 9 நிமிடம் கூட்டினால் இன்றைய நேரம். தவறு நடப்பது எங்கே என்றால், 1906க்கு முன் எல்லாரும் மெட்ராஸ் நேரம்தான் எழுதினார்கள் என்று நினைப்பதில். ரயில் நிலையத்தில் அது. ஊருக்குள் சூரியனை ஒட்டிய உள்ளூர் நேரம். திருநெல்வேலி ஏறத்தாழ 77 பாகை 42 கலையில் இருப்பதால் அங்கே உள்ளூர் நேரம் மெட்ராஸைவிட 10 நிமிடம் பின்னால் இருக்கும். குறிப்பு எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று தெரிந்த பிறகே கூட்டுங்கள்.

சூளைமேட்டுக் கரண்டி:
கடைசியாக மெட்ராஸ் டெரஸ் என்ற மொட்டைமாடி. "மறுகரை" வாதத்துக்கு இது விலக்கு. பெயரை வைத்தவர்கள் பொறியாளர்கள் என்றாலும், இங்கேயே நின்று, இங்கே கட்டிய முறைக்கு வைத்தார்கள்.

அமைப்பு கீழிருந்து மேல்: தேக்குக் கட்டைகளை உத்திரத்தின் மேல் வரிசையாக அடுக்குவார்கள். அவற்றின் குறுக்கே, மூலைவாட்டாக, 15 செ.மீ. நீளமுள்ள மெல்லிய டெரஸ் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் (1 சுண்ணாம்பு, 1½ மணல்) ஒட்டுவார்கள். அது இறுகிய பின் செங்கல் ஜல்லி 3 பங்கு, சரளையும் மணலும் 1 பங்கு, கன அளவில் பாதி சுண்ணாம்புச் சாந்து கலந்து 10 செ.மீ. கனத்துக்குப் பரப்புவார்கள். மூன்று நாள் தட்டுக்கட்டையால் தட்டத் தட்ட அது 7.5 செ.மீ. ஆகும். தட்டும்போது சுண்ணாம்புநீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் மேல் 15க்கு 10 செ.மீ. தட்டோடு (தட்டையான ஓடு) மூன்று வரிசை, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி. மொத்தம் 5 செ.மீ. கடைசி வரிசையில் இணைப்புகளை நிரப்பாமல் விடுவார்கள், பூச்சு பிடித்துக்கொள்ள. பிறகு மூன்று கோட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, தேய்த்து மெருகு. வாட்டம் 30க்கு 1.

செங்கல்லை ஏன் மூலைவாட்டாக வைக்கிறார்கள் என்றால், ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் சாய்ந்து நிற்பதால் கீழே முட்டுப் பலகை இல்லாமலே போட்டுக்கொண்டு போகலாம்.

பழைய வீடு:
ஐயா, அப்படிப்பட்ட மாடி ஒழுகுகிறது. மேலே சிமெண்ட் பூச்சுப் போட்டால் போதும் என்று கொத்தனார் சொல்கிறார். போடலாமா?

சூளைமேட்டுக் கரண்டி:
வேண்டாம். சுண்ணாம்பு வெயிலுக்கு விரிந்து சுருங்குவதோடு ஈரத்தை வெளியே விடும். மேலே சிமெண்ட் மூடி போட்டால் இரண்டும் ஒரே அளவில் அசையாது. விரிசல் விழும், விரிசல் வழியே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் கீழே தேக்குக் கட்டைக்கு இறங்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை முனைதான் முதலில் மக்கும், கண்ணுக்குத் தெரியாது. கூடுதல் எடையும் அதன் மேலேயே.

முதலில் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசு, ஆல் முளைத்திருக்கிறதா பாருங்கள். வேர் போன வழியில்தான் பெரும்பாலும் ஒழுகும். வேரோடு எடுத்து, சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். நீர் போகும் துளையின் வாயில் வாட்டம் எதிர்ப்புறம் திரும்பியிருக்கிறதா என்று ஒரு வாளி நீர் ஊற்றிப் பாருங்கள். பூச்சு பொருமியிருந்தால் கட்டையால் மெல்லத் தட்டும்போது வெற்றொலி கேட்கும். அந்த இடத்தை மட்டும் தட்டோடு வரை எடுத்து, உடைந்த ஓட்டை மாற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்பால் மூடி, ஈரச் சாக்குப் போட்டு மெதுவாக உலரவிடுங்கள். அதற்கு முன், அறைக்குள் ஏணி வைத்து ஒவ்வொரு கட்டையின் முனையையும் கூரிய கம்பியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் மேலே கை வைக்காதீர்கள். அந்தக் கட்டைக்கு முட்டுக் கொடுத்து மாற்றிய பிறகுதான் மாடி வேலை.

பழைய வீடு:
வடமேற்கு மூலையில் அரசங்கன்று இருக்கிறது. கம்பியும் வாளியும் எடுத்துக்கொண்டு நாளைக்கே ஏறுகிறேன், ஐயா.